காய்ந்தால்தான் தெரியும்

மரங்களைப் பற்றி எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்லக்கூடிய ஒருத்தி, தான் தினமும் பேருந்துக்காக நிற்கும் மரத்தின் பெயர் தெரியாமல் ஒருநாள் திருதிருவென்று முழித்தாள். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் அதற்கு முன்னால் அவள் வேலை பார்த்த அறையைக் கொஞ்சம் காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

அது வனக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் கீழ்த்தளம். உலர்தாவர அறை என்று கதவில் எழுதியிருக்கும். உள்ளே வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள். ஒவ்வொரு தட்டிலும் கெட்டி அட்டைகள், ஒவ்வொரு அட்டையிலும் ஒரு காய்ந்த கிளை. காட்டில் இருக்கும் களப்பணியாளர்கள் கிளைகளை வெட்டி, செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்திக் கட்டி, ஜீப்பில் அனுப்புவார்கள். அதைச் சூடான பெட்டியில் வைத்து உலர்த்தி, பசை தடவி, அட்டையில் ஒட்டி, இலை இலையாகப் பார்த்துப் பெயரெழுதி வைப்பது அவள் வேலை. அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் பசையக்கா என்று பெயர். பசையுள்ள ஆள் போலிருக்கிறது என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். பாவம், அவளிடம் இருந்த பசையெல்லாம் டப்பாவில் இருந்ததுதான்.

வெளிச்சம் பட்டால் இலை வெளுத்துப் போகும் என்பதால் அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வண்டு புகுந்தால் அட்டைகளைத் தின்றுவிடும் என்பதால் அதற்கு இரண்டு கதவுகள். வெளிக்கதவைச் சாத்தினால்தான் உள்கதவு திறக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம், மேலே ஒரு சிறிய விளக்கு, அந்துருண்டை நெடி. பசையக்கா உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அந்த இடுக்கில் ஒரு நிமிஷம் சும்மா நிற்பாள். யாரும் கூப்பிட மாட்டார்கள், தொலைபேசி அடிக்காது. நாற்பதை எட்டிப் பார்க்கிற அந்தப் பெண்ணுக்கு உலகத்தில் தனக்கே தனக்கென்று கிடைத்த இடம் அது ஒன்றுதான்.

வீட்டில் அவள் பாப்பா. அண்ணனுடைய வீடு. இரண்டு படுக்கையறை. ஒன்றில் அண்ணனும் அண்ணியும், இன்னொன்றில் அம்மாவும் அண்ணன் பெண்கள் இரண்டு பேரும். பாப்பாவுக்குக் கூடத்தில் சோபா. கடைசி ஆள் தொலைக்காட்சியை அணைத்த பிறகுதான் அவளுக்குப் படுக்கை. விடியற்காலையில் முதல் ஆள் பாத்ரூமுக்குப் போகும்போது அவள் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும், நடுக்கூடத்தில் ஒரு பெண் எவ்வளவு நேரம் படுத்துக் கிடப்பாள்? துணிமணி அண்ணியின் பீரோவில் அரைத்தட்டு. உடை மாற்ற வேண்டுமென்றால் யாராவது ஒருவர் அறையைக் காலி செய்து தர வேண்டும். தருவார்கள், முகம் சுளிக்காமல் தருவார்கள். அதுதான் அவளுடைய கஷ்டமே. கொடுமைக்காரர்களாக இருந்திருந்தால் எப்போதோ சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பாள். நல்லவர்களிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

இந்த நிலைமையில்தான் அலுவலகப் பலகையில் ஒரு அறிவிப்பு வந்தது. மேட்டுக்காட்டு முகாமுக்கு ஒரு கள ஆய்வாளர் தேவை. அலுவலகத்தில் இருப்பவர்களே விண்ணப்பிக்கலாம். மரம் செடிகளை அடையாளம் காணும் தேர்வு, காட்டின் வகையைச் சொல்லும் தேர்வு, இரண்டும் உண்டு. கடைசி வரியில், தனிக் குடியிருப்பு வழங்கப்படும் என்று போட்டிருந்தது.

பசையக்கா அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு நகர்ந்தாள். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் படித்தாள். தனிக் குடியிருப்பு என்றால் ஒரு கதவு. உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய கதவு. அதைத் திறந்தால் காடு. இத்தனை வருஷமாக அட்டை அட்டையாக ஒட்டித் தீர்த்த காட்டை அவள் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. அன்றைக்கே விண்ணப்பம் போட்டுவிட்டாள். தன்னை விட்டால் மரம் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்கு ஒரே தெம்பு.

அந்தத் தெம்பு பேருந்து நிறுத்தம் வரைக்கும்தான் நிலைத்தது. பக்கத்தில் நின்ற ஒரு பயணி அவள் கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"வனக் கணக்கெடுப்பாம்மா? இது என்ன மரம்னு சொல்லுங்களேன். எப்பப் பார்த்தாலும் தலையில எதையாவது கொட்டிக்கிட்டே இருக்கு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேலே ஒரே பச்சை. இலை இலையாகப் பிரியாத, காற்றில் அலையாடுகிற, அங்கங்கே வெயில் ஓட்டை போட்ட பச்சை. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்த மரங்களெல்லாம் பழுப்பு நிறத்தில், ஒரு முழ அட்டைக்குள் அடங்கி, தட்டையாக இருந்தன. எந்த மரத்துக்கும் இவ்வளவு உயரம் கிடையாது, எதுவும் இப்படி அசையாது.

"வந்து... இது..." என்று இழுத்தாள்.

"வனத்துறையே முழிக்குதே!" என்று அவர் சிரித்தார். கேலி பண்ணக்கூட இல்லை, சும்மா சொன்னார். அவளுக்கோ நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் பேருந்து வந்து ஏறிப் போன பிறகு, குனிந்து நடைபாதையில் காய்ந்து கிடந்த ஓர் இலையை எடுத்தாள். காம்பு, நடு நரம்பு, எதிரெதிராக அமைந்த சிற்றிலைகள், நுனியில் ஒற்றையாக ஒன்று. புங்கை. சந்தேகமே இல்லை. இந்த மரத்தில் மட்டும் அவள் நூறு அட்டைக்கு மேல் ஒட்டியிருப்பாள். செத்தால்தான் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

தேர்வு உயிருள்ள மரங்களை வைத்து, காட்டிலேயே நடக்கும் என்று அறிவிப்பில் தெளிவாகப் போட்டிருந்தது.

மறுநாளிலிருந்து அவள் இரண்டு நிறுத்தங்கள் முன்னாலேயே இறங்கி நடக்க ஆரம்பித்தாள். நீதிமன்றச் சுவரோரம், ஆஸ்பத்திரி வளாகம், கல்லறைத் தோட்டம், எங்கெல்லாம் மரம் நிற்கிறதோ அங்கெல்லாம் போய் நின்றாள். பட்டையைத் தடவிப் பார்த்தாள். இலையைக் கசக்கி முகர்ந்தாள். உலர்ந்த இலைக்கு வாசனை கிடையாது என்பதால், வாசனையை வைத்து ஒரு மரத்தைச் சொல்லலாம் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. நாவல் இலையைக் கசக்கினால் ஏதோ மருந்துக்கடை வாடை வந்தது. தேக்கின் கொழுந்தைத் தேய்த்தால் விரல் சிவந்தது. மரத்துக்கும் புதருக்கும் வித்தியாசம்கூட அவளுக்குக் களப்பணியாளர்கள் எழுதி அனுப்பும் சீட்டைப் பார்த்துத்தான் தெரியும். அட்டையில் ஒட்டிவிட்டால் இரண்டும் ஒரே உயரம்தானே.

நீதிமன்றத்து வேலியில் ஒரு புதர் இருந்தது. கவடு விட்ட முள், கெட்டியான சின்ன இலை. கிளா என்று அவளாகவே கண்டுபிடித்தாள். ஒரு காம்பைக் கிள்ளியதும் வெள்ளையாகப் பால் வடிந்து விரலில் ஒட்டியது. அவர்கள் சீட்டைப் பார்த்து 'பால் உண்டு' என்று அவள் எத்தனை அட்டையில் எழுதியிருக்கிறாள்! அந்தப் பாலை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வாயிலில் நின்ற காவலாளி, இந்த அம்மாவின் வழக்குத் தோற்றுப் போயிருக்கும் போல என்று நினைத்துக்கொண்டு, "மேல்முறையீடு பண்ணலாம்மா, மனச விடாதீங்க" என்று ஆறுதல் சொன்னார்.

பறித்த இலைகளைப் பச்சையாகவும் பார்க்க வேண்டும், காய்ந்த பிறகும் பார்க்க வேண்டும். அப்போதுதான் இது மாறி எப்படி அதுவாகிறது என்று புரியும். வீட்டில் அதையெல்லாம் எங்கே வைப்பது? சோபா மெத்தைக்கு அடியில் செய்தித்தாளைப் பரப்பி இலைகளை வைத்தாள். ராத்திரி முழுக்க அவளே மேலே படுத்து அழுத்திக்கொடுத்தாள். இப்படியே மழைக்காலம் வரும்வரை வண்டி ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார். உள்ளே நொறுநொறுவென்று சத்தம்.

"என்னடி இது, சோபாவுக்குள்ள எலி குடும்பம் நடத்துதா?" என்று எழுந்து மெத்தையைத் தூக்கினார். இலைகள், காம்புகள், முட்கள். மொத்த வீடும் வந்து நின்றது. அண்ணன் பெண்கள் இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. பசையக்காவுக்கு வேறு வழியில்லை. விண்ணப்பம் போட்டதைச் சொன்னாள்.

"காட்டுக்கா? நீயா?" அண்ணன் நம்பாமல் பார்த்தார். "பால்கனியில பல்லி வந்தா பக்கத்து வீட்டுக்குக் கேக்கற மாதிரி கத்துவியே!"

அம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, படியேறுவாள், கடைக்குப் போவாள். ஆனால் தேவைப்படும்போது சட்டென்று நோயாளியாகிவிடுவாள். "போ. நான் கண்ண மூடினதுக்கு அப்புறம் எங்க வேணா போ. அதுக்கென்ன, ரொம்ப நாளா ஆகப் போகுது?"

"அம்மா, இப்ப எதுக்கு அந்தப் பேச்சு" என்றாள் அண்ணி. பிறகு பாப்பாவின் பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு இங்க என்ன குறை வச்சோம், பாப்பா? மனசுல இருக்கறதச் சொல்லு. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

அண்ணி நிஜமாகவே கேட்டாள். அவள் கண்ணே கலங்கியிருந்தது. பசையக்கா யோசித்துப் பார்த்தாள். சாப்பாட்டில் குறையில்லை. மரியாதையில் குறையில்லை. ஜுரம் வந்தால் அண்ணிதான் ராத்திரியெல்லாம் முழித்திருந்து பார்க்கிறாள். ஒரு கதவு வேண்டும் அண்ணி, தாழ்ப்பாள் போட்ட கதவு, என்று சொல்லலாம். சொன்னால், நாங்கள் என்ன திருடர்களா என்று கேட்பார்கள். இந்த அன்பு அவள் மூச்சை முட்டியது, அதைச் சொல்ல அவளிடம் வார்த்தையில்லை.

"குறையெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி. பரீட்சைதானே, சும்மா எழுதிப் பார்க்கறேன்" என்றாள்.

"எழுதட்டும், எழுதட்டும்" என்றார் அண்ணன். தங்கை ஜெயிக்கப் போவதில்லை என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. தேர்வன்று காலையில் அவரே அவள் செருப்பைத் துடைத்து வைத்தார்.

அன்றைக்குப் பார்த்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. காட்டுக்குப் போகும் வழியில் பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது, பேருந்து போகாது என்றார்கள். தேர்வைத் தள்ளிவைக்க மேலிடத்தில் ஒப்புதல் இல்லை. ஆகவே மாடியில் இருந்த கூட்ட அறையிலேயே நடத்திவிடுவது என்று இயக்குநர் முடிவு செய்தார். ஒத்திகைக்கென்று முன்பே வெட்டிக் கொண்டுவந்து, சாக்கில் கட்டி, மறந்து போட்டிருந்த கிளைகளை எடுத்துப் பாட்டில்களில் செருகி எண் ஒட்டி வைத்தார்கள். எல்லாம் வதங்கி, சுருண்டு, பழுப்பேறிக் கிடந்தன.

வந்திருந்தவர்கள் முனகினார்கள். வரைபடப் பிரிவில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, மேப்காரி என்று கூப்பிடுவார்கள், பசையக்காவின் காதருகே வந்து, "இது என்னக்கா, குப்பைத்தொட்டியக் கவுத்து வச்ச மாதிரி இருக்கு? பச்சையா இருந்தாலாவது பத்துச் சொல்லுவேன்" என்று அழாக்குறையாகச் சொன்னாள். அவளுக்கு அந்த வேலையில் ஆசையே இல்லை. வீட்டுக்காரர் விண்ணப்பம் போடச் சொன்னார், போட்டுவிட்டாள்.

பசையக்கா பாட்டில்களைப் பார்த்தாள். மாதக்கணக்கில் தெருத் தெருவாக அலைந்து பழகிய பச்சை எதுவும் அங்கே இல்லை. அதற்குப் பதிலாக, பழைய சொந்தக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து, வா வா என்று கூப்பிடுவது போலிருந்தது. அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. நடந்துகொண்டே எழுதினாள். வேங்கை, இலை நுனியில் பள்ளம். மருது, இலை காம்போடு சேரும் இடத்தில் இரண்டு சின்னப் புடைப்பு. இலுப்பை, கிளை நுனியில் கொத்தாக இலை. நுணா, காய்ந்தால் இப்படித்தான் கறுத்துப் போகும். எந்தப் பாட்டிலின் முன்னாலும் அவள் இரண்டாவது மூச்சு விடும்வரை நிற்கவில்லை.

காட்டு வகைத் தேர்வும் அதே அறையில்தான். ஒவ்வோர் இடத்திலும் வெட்டிய கிளைகளை ஒவ்வொரு கட்டாக வைத்து, இவை எந்தக் காட்டைச் சேர்ந்தவை என்று இயக்குநரே நேரில் கேட்டார். முள்ளும் சின்ன இலையுமாக இருந்த கட்டை முட்புதர்க் காடு என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அடுத்த கட்டில் தேக்கு இருந்ததால் எல்லோரும் இலையுதிர் காடு என்றார்கள். பசையக்கா அதைப் பிரித்து மேசையில் பரப்பினாள்.

"தேக்கப் பார்த்தா இலையுதிர் காடுன்னுதான் தோணும் சார். ஆனா கூட இருக்கறதெல்லாம் பாருங்க. நாவல், நீர்மருது, புங்கை. இதுங்க மூணும் சேர்ந்து இருந்தா பக்கத்துல தண்ணி ஓடுதுன்னு அர்த்தம். தேக்கு கரைக்கு மேல, மேட்டுல எங்கயோ நிக்குது. வெட்டினவர் சோம்பேறித்தனமா ரெண்டு இடத்துல வெட்டினத ஒரே கட்டாக் கட்டிட்டார். மத்தது ஆத்தோரக் காடு சார்."

இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். வெட்டிய ஆள் மூலையில் நின்றுகொண்டு தலையைச் சொறிந்தார். யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லோரும் தட்டினார்கள். அன்று மாலை மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போன பசையக்கா, வழியில் ஓர் இரும்புச் சாமான் கடையில் நின்று தாழ்ப்பாள்களை விலை விசாரித்தாள்.

முடிவு வந்தது. முதல் இடம் பசையக்கா. இயக்குநர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியில் அவள் அதற்கு முன்னால் உட்கார்ந்ததே இல்லை.

"உங்களை மாதிரி ஒரு ஆளைக் கீழ்த்தளத்துல வச்சுக்கிட்டு இத்தனை நாள் கண்டுக்காம இருந்திருக்கோம். எனக்கே வெக்கமா இருக்கு" என்றார். "உலர்தாவர அறைக்கு இனிமே நீங்கதான் பொறுப்பாளர். ரெண்டு கதவுச் சாவியும் உங்ககிட்ட. சம்பளமும் கூடும்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "சார், நான் போட்டது காட்டு வேலைக்கு."

"தெரியும். இது அதைவிடப் பெரிய பதவிம்மா. பச்சை இலையப் பார்த்துப் பேர் சொல்ல ஆள் கிடைப்பாங்க. காஞ்ச இலையப் பார்த்து ஒரு காட்டையே சொல்ல வேற யார் இருக்கா? உங்களக் கொண்டுபோய்க் காட்டுல விட்டா வீணாப் போயிடுவீங்க."

காட்டு வேலை, மற்றவர்களைவிட இரண்டு இலை கூடுதலாகச் சொல்லி இரண்டாம் இடம் வந்த மேப்காரிக்குப் போயிற்று. அவள் கீழ்த்தளத்துக்கு ஓடி வந்து பசையக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அக்கா, எனக்கு அட்டைப்பூச்சின்னாலே உயிர் போயிடும். மாத்திக்கலாமாக்கா?" இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கேட்டார்கள். இயக்குநர் சிரித்தார். "அவங்களுக்குக் காஞ்ச இலை தெரியாது. உங்களுக்குத் தெரியும். இதுல பேச என்ன இருக்கு?"

இதில் பேச ஒன்றும் இல்லைதான். அவள் எவ்வளவு நன்றாக எழுதினாளோ அவ்வளவு நன்றாக மாட்டிக்கொண்டாள். தன் கையாலேயே பசை தடவி, தன்னையே அட்டையில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

வீட்டில் ஒரே கொண்டாட்டம். அம்மாவுக்கு உடம்பு சரியாகிவிட்டது. அண்ணன் கேக் வாங்கி வந்தார். அண்ணியும் அவரும் கண் ஜாடை காட்டிக்கொண்டு அவளைக் கூடத்தின் நடுவே கொண்டுபோய் நிறுத்தினார்கள். பழைய சோபாவைக் காணோம். அந்த இடத்தில் புத்தம் புதிதாக, இழுத்தால் கட்டிலாக விரிகிற ஒரு சோபா.

"ரொம்ப நாளா வாங்கணும்னு நினைச்சோம்" என்றாள் அண்ணி. "இனிமே காலை நீட்டி நிம்மதியாப் படுக்கலாம், பாப்பா. எத்தனை வருஷமானாலும் தாங்குமாம், கடைக்காரர் சொன்னார்."

பசையக்கா சிரித்தாள். கேக் வெட்டினாள். அன்றைக்கு எல்லோரும் அவளுக்காகச் சீக்கிரமே தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் போனார்கள். புது மெத்தையில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்தாலும் இந்தக் கூடத்தில்தான் சாகப் போகிறோம் என்று நினைத்தாள். நினைத்ததும் பயந்துபோய் எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

மேட்டுக்காட்டிலிருந்து முதல் கட்டு சீக்கிரமே வந்தது. கட்டிய விதத்தைப் பார்த்தாலே மேப்காரியின் கை என்று தெரிந்தது. செய்தித்தாள் ஈரம், கயிறு தளர்ச்சி, எந்தக் கிளைக்கும் சீட்டில் பெயரில்லை. ஒரே ஒரு துண்டுத்தாளில், 'அக்கா, எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கு. நீங்களே பாத்துக்கோங்க. அட்டை கடிச்சிடுச்சு' என்று மட்டும் எழுதியிருந்தது.

பசையக்கா உலர்த்தினாள், மேசையில் பரப்பினாள். எல்லாப் பெயர்களும் தானாக நாக்கில் வந்து நின்றன. பெயர் மட்டுமா? கிளைகளை இப்படியும் அப்படியும் நகர்த்த நகர்த்த இடமே தெரிய ஆரம்பித்தது. இந்த நாலும் சரிவில் நிற்கின்றன, கோடையில் மொட்டையாகிவிடும். இந்த மூன்றும் பள்ளத்தில், அங்கே எப்போதும் நிழல், இலை உதிர்வதே தெரியாது. ஒரே மலையில் மேலே ஒரு காடு, கீழே ஒரு காடு. நடுவில் இரண்டும் கலக்கிற இடம் ஒன்று இருக்க வேண்டும். அந்த இடத்தில் மேப்காரி அட்டைப்பூச்சிக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். இவள் ஜன்னலில்லாத அறையில் நின்றுகொண்டு அதைப் பார்க்கிறாள். ஆத்திரத்தில் அந்தத் துண்டுத்தாளைக் கசக்கி எறிந்தாள்.

பொறுப்பாளர் ஆனதும் அவளுக்கு இரண்டு ரப்பர் முத்திரைகள் கொடுத்திருந்தார்கள். ஒன்று 'சரி'. இன்னொன்று 'அடையாளம் காண இயலவில்லை'. இரண்டாவதைக் குத்தினால், பொறுப்பாளரே மரம் நிற்கும் இடத்துக்குப் போய் நேரில் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது விதி. அந்த முத்திரையில் மையே படவில்லை, ரப்பர் பளபளவென்று இருந்தது. பழைய பொறுப்பாளர்கள் யாரும் தனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொள்ளாமலேயே ஓய்வு பெற்றுப் போயிருந்தார்கள்.

முதல் அட்டை நாவல். பழக்க தோஷத்தில் 'சரி' குத்திவிட்டாள். இரண்டாவது மருது. முத்திரையைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே நின்றாள். இத்தனை வருஷத்தில் ஒரு இலையைக்கூட அவள் தெரியாது என்று சொன்னதில்லை. அவளுக்கென்று வீடில்லை, கதவில்லை, ஆனால் இந்த ஒரு பெருமை இருந்தது. அதையும் விட்டுக்கொடுத்தால் மிச்சம் என்ன? வெகுநேரம் யோசித்தாள். பிறகு மற்ற முத்திரையை எடுத்து, மைப் பட்டையில் நன்றாக அழுத்தி, மருதின் மேல் குத்தினாள். நெஞ்சில் குத்தின மாதிரி வலித்தது. அடுத்ததற்கும் குத்தினாள். அதற்கடுத்ததற்கும்.

சாயங்காலம் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் அவள் அனுப்பிய அட்டைகள் அடுக்கியிருந்தன. மேலே இருந்ததை எடுத்து அவள் பக்கம் திருப்பினார்.

"இது என்னன்னு எனக்கே தெரியுது. மருது. இங்க பாருங்க, ரெண்டு புடைப்பு. அன்னிக்குப் பரீட்சையில நீங்கதானே எழுதினீங்க?"

"ஆமா சார். மருது மாதிரிதான் இருக்கு. ஆனா உறுதியாத் தெரியலை."

"முழு மதிப்பெண் வாங்கினவங்களுக்கு மருது தெரியலையா? வெளியில தெரிஞ்சா அலுவலகமே சிரிக்கும். உங்க பேர் கெட்டுப் போகும்மா."

அவள் கண்ணில் நீர் முட்டியது. அது நடிப்பில்லை. அந்தக் கிளை எந்தச் சரிவில், என்ன உயரத்தில் நின்றிருக்கும் என்பதுவரை அவளுக்குத் தெரியும். அவளுக்கு மிக நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று சொல்ல வேண்டியிருந்தது.

"சிரிக்கட்டும் சார்" என்றாள். "பொறுப்பாளர்னு கையெழுத்துப் போடணும்ல? நேர்ல பார்க்காம எனக்குக் கை வரலை."

இயக்குநர் அவளையே பார்த்தார். பிறகு அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்றுகூட அவளுக்குத் தெரியாதது இல்லை என்று அவருக்குப் புரிந்ததோ என்னவோ, முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார், மூடி வைத்தார். பேனாவைத் திறந்து பயண உத்தரவுத் தாளை இழுத்தார்.

"போயிட்டு வர எத்தனை நாள் ஆகும்னு போடட்டும்?"

"எப்படி சார் சொல்றது?" என்றாள் பசையக்கா. "காடு பெருசு."